கேற்றடியில் பத்து நிமிஷம்

பழுகாமம்
27.08.2024

தம்பி உதயரூபனுக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. நேற்றும் இன்றும் உனக்கு ஐந்து தரம் கோல் எடுத்தேன். இரண்டு தரம் வெட்டினாய், மூன்று தரம் எடுக்கவேயில்லை. கடிதத்தை வெட்ட ஏலாது, அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் ஊருக்குப் புடவை கொண்டுவருகிற ஏறாவூர் ஹலீம் உங்கள் கல்குடாப் பக்கமும் வான் ஓடுகிறார். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், உன் மனுசி சுலோஜனாவின் கையில் கொடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்ததைப் பற்றித்தான் கேட்கிறேன். அதை வந்தது என்று சொல்லலாமா என்றே எனக்குத் தெரியவில்லை. கேற்றுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிளை விட்டாய். எஞ்சினை நிற்பாட்டவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட், துரைமாதிரி. தக்ஷாயினியின் கல்யாணப் பந்தலுக்குக் கன்னிக்கால் நட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. வேறு நல்ல நாள் இல்லை என்று ஐயர் சொன்னதால் கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போதே நட்டோம். தாய்மாமன் நீ பக்கத்தில் நிற்க வேண்டிய காரியம். உனக்கு வகுப்பு என்றாய். சரி என்று பொறுத்தேன். மாவிலை கட்டிய கால் முற்றத்தில் நிற்கிறதை நீ கண்ணால் பார்த்தாய். பார்த்துக்கொண்டும் உள்ளே ஓர் அடி வைக்கவில்லை.

நான் நன்னாரி சர்பத் கலந்துகொண்டு ஓடி வந்தேன். வேண்டாம் என்றாய். கையைப் பிடித்து இழுக்கலாம் என்று கிட்ட வந்தால் இரண்டடி பின்னுக்குப் போனாய். என் கையில் மஞ்சளும் மீன் மணமும் இருந்தது உண்மைதான். அதற்காக அப்படி விலகுவதா? என் பிள்ளை "மாமா" என்று ஓடி வந்தாள். அவளைப் பார்த்து, "அங்கயே நில்லு, கிட்ட வராத" என்று கத்தினாய். அவள் பிறந்து இருபத்தெட்டு வருஷத்தில் நீ அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. அவள் உள்ளே போய் அழுதாள். என்ன விஷயமாக வந்தாய் என்று கேட்டதற்கு, "சும்மா, இந்தப் பக்கம் வந்தனான், பாத்திட்டுப் போவம் எண்டு" என்றாய். பத்து நிமிஷம் நெல்லறுவடையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போய்விட்டாய்.

உனக்காக முன் அறை மேசையில் நொத்தாரிசு தந்த கடதாசி விரித்தபடி கிடந்தது. வீட்டைப் பெண்ணின் பெயருக்கு எழுதிவிட்டுத்தான் தாலி என்று மாப்பிள்ளையின் தகப்பன் சொல்லிவிட்டார். அம்மா வீட்டை எனக்கு வாயால்தான் தந்தா. சண்டைக் காலத்தில் யார் உறுதிப் பத்திரம் எழுதினார்கள்? இப்போது சட்டப்படி பாதி உன்னுடையது. நீ ஒப்பம் வைக்காமல் உறுதி இல்லை. உறுதி இல்லாமல் பதினைந்தாம் தேதி கல்யாணம் இல்லை. நின்றுகொண்டிருப்பவனிடம் அப்படிப்பட்ட விஷயத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருந்து சாப்பிட்டபின் கேட்கலாம் என்று நினைத்தேன். நீ இருக்கவேயில்லை.

இதையும் பொறுத்திருப்பேன். நேற்று நீ பாசிக்குடா ஹோட்டல் பிள்ளைகளுக்குப் போனில் அனுப்பினாயே ஓர் இங்கிலீசுப் பாடம், நாற்பத்தோராவது என்று இலக்கம் போட்டு. மாப்பிள்ளை சிவதர்ஷன் உன்னுடைய மாணவன், அதே ஹோட்டலில் வரவேற்பில் நிற்கிறவன் என்பது உனக்கு மறந்துபோயிற்றா? தக்ஷாயினி எனக்கு அதைத் தமிழில் வாசித்துச் சொன்னாள். ஒரு வீட்டுக்குச் சும்மா போய்ச் சுருக்காகத் திரும்புவதற்கு இங்கிலீசில் எத்தனை சொல் உண்டு என்று பட்டியல். ட்ரொப் இன், ட்ரொப் பை, பொப் இன், ஸ்டொப் பை, ஸ்விங் பை, இன்னும் என்னவோ. கீழே உதாரணம்: நான் என் அக்காவை எட்டிப் பார்த்தேன், அவ வேலையாக இருந்தா, பத்து நிமிஷத்தில் வெளிக்கிட்டேன்.

அறுபது பேர் அதை வாசித்திருக்கிறார்கள். இன்று காலை மாப்பிள்ளையின் தகப்பன் கோல் எடுத்து, மாமனுக்கும் உங்களுக்கும் ஏதும் பிரச்சினையோ என்று கேட்கிறார். பன்னிரண்டாம் தேதிக்குள் உறுதி முடிய வேண்டுமாம். இப்போது நீயே சொல்லு, அந்தப் பட்டியலில் எந்தச் சொல்லுக்குள் என் வாசலைப் போட்டாய்?

உன் அக்கா
சீதேவி


கல்குடா
29.08.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை ஹலீம் என் கையில்தான் தந்தார். சுலோஜனா கேட்டதற்குச் சேலைப் பற்றுச்சீட்டு என்று பொய் சொன்னார். பாவம் அந்த மனிதர்.

நீங்கள் கேட்டபடியால் சொல்கிறேன். ட்ரொப் இன் என்றால் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வீட்டுக்குள் போவது. பொப் இன் என்றால் உள்ளே தலையைக் காட்டிவிட்டு உடனே வருவது. ஸ்டொப் பை என்றால் வேறெங்கோ போகிற வழியில் நின்று பார்ப்பது. ஸ்விங் பையும் கிட்டத்தட்ட அதுதான், பகிடியாகச் சொல்வது. லுக் இன் ஒன் என்றால் வருத்தக்காரர், வயதுபோனவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு வருவது. நான் செய்தது ஸ்டொப் பை. உதாரணத்தில் ட்ரொப் இன் என்று எழுதியது பிழை, ஏனென்றால் நான் உள்ளே வரவில்லை. அடுத்த பாடத்தில் திருத்திவிடுகிறேன்.

அதை எழுதியது நான்தான். ஆத்திரத்தில் எழுதினேன். மறுக்கவில்லை.

ஆத்திரம் ஏன் என்று கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன். நான் அந்த வீட்டுக்கு வந்தால் நீங்கள் துவாயால் கதிரையைத் தட்டித் தருகிறீர்கள். தேத்தண்ணீர் தட்டத்தில் வருகிறது, கண்ணாடிக் கிளாசில். நீங்களும் அத்தானும் பிள்ளையும் நசுங்கின எனாமல் கோப்பையில் குடிக்கிறீர்கள். என் சத்தம் கேட்டவுடன் அத்தான் உள்ளே ஓடிப்போய்ச் சேட் போட்டுக்கொண்டு வருகிறார். கிராம சேவகர் வந்தாலும் அவர் அப்படித்தான் செய்வார். ஞாயிற்றுக்கிழமையும் யன்னலால் பார்த்தேன், கோணாமலை அத்தான் சேட்டின் கைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். நான் பிறந்த வீடு அது.

ஆம்பிளை கல்யாணம் முடித்தால் மனுசி வீட்டுக்குப் போக வேண்டும், தாய் வீடு பெண்பிள்ளைக்கு. நம்முடைய ஊர்ப் பழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் என் கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், நான் கேட்காமலேயே, என் புத்தக அலுமாரியை உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கல்குடாவுக்கு அனுப்பினீர்களே, அதற்கு என்ன அவசரம்? அத்தான் இறக்கிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பினார். அன்றைக்கு முடிந்தது எனக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள கதை. இருபத்திரண்டு வருஷமாகக் கதிரை தட்டித் தந்தீர்கள். இப்போது ஒப்பம் தேவைப்பட்டதும் பாதி வீடு என்னுடையதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே வராததற்கும், பிள்ளையைக் கிட்ட விடாததற்கும் காரணம் உண்டு. அதைக் கல்யாணம் முடியுமட்டும் சொல்ல மாட்டேன். கடதாசியை ஹலீமிடம் கொடுத்து அனுப்புங்கள். வாசித்துப் பார்த்து முடிவு சொல்கிறேன்.

உதயரூபன்


பழுகாமம்
31.08.2024

தம்பி,

காரணமாம் காரணம். சொல்ல மாட்டாத காரணத்தை என்னத்துக்கு எழுதுகிறாய்?

எனாமல் கோப்பையில் உனக்குத் தேத்தண்ணீர் தந்தால், தம்பிக்கு நசுங்கின கோப்பையில் கொடுத்தா என்று சுலோஜனா கல்குடா முழுக்கச் சொல்லமாட்டாளா? அவள் இந்த வீட்டுக்கு முதன்முதல் வந்த அன்று கோப்பையின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். நான் கண்டேன். அன்று வாங்கினதுதான் அந்தக் கிளாஸ். இருபத்திரண்டு வருஷமாக ஒருவரும் அதில் வாய் வைக்காமல் உனக்கென்று கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அது உனக்கு வலித்ததென்றால் வாயைத் திறந்து ஒரு நாள் சொல்லியிருக்கலாம். இங்கிலீசில் பாடம் எழுதி அறுபது பேருக்குச் சொன்னாய்.

அலுமாரியை அனுப்பச் சொன்னது அம்மா. கறையான் ஏறிவிட்டது, பிள்ளையின் புத்தகம் போயிடும் என்றா. அதை ஏற்றும்போது நான் கிணற்றடியில் போய் நின்று அழுதேன். அத்தானைக் கேட்டுப் பார். அவர் தண்ணீர் குடிக்காமல் வந்தது, உன் மாமியார் உள்ளே வாருங்கள் என்று சொல்லாததால். இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று இவ்வளவு காலமும் அடக்கி வைத்திருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன், போ.

கடதாசியை ஹலீமிடம் அனுப்ப மாட்டேன். புடவைக் கட்டோடு சேர்த்து அனுப்புகிற சாமானா அது? பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு நொத்தாரிசு இங்கே வருகிறார். நீ வந்து, இருந்து, வாசித்து, ஒப்பம் வைக்க வேண்டும். நின்றபடி வைக்கிற ஒப்பம் எனக்கு வேண்டாம்.

இன்னொன்று. தக்ஷாயினி நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. மாமாவுக்கு என்னில் என்ன வெறுப்பு என்று என்னைக் கேட்கிறாள். தாலி கட்டுகிற நேரம் மாமா பக்கத்தில் நிற்கப் போவதில்லை என்றால், கல்யாணத்தைப் பதிவோடு நிறுத்துங்கள் அம்மா, பந்தல் வேண்டாம் என்கிறாள். நட்ட காலைப் பிடுங்கச் சொல்கிறாளா? எனக்கு விளங்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? மாமா ஒரு காரணம் வைத்திருக்கிறார், கல்யாணம் முடிய இங்கிலீசில் எழுதுவார் என்றா?

சீதேவி


கல்குடா
02.09.2024

அக்கா,

பிள்ளை சாப்பிடுவதில்லை என்று எழுதினபடியால் சொல்கிறேன். இல்லாவிட்டால் நீங்கள் என்ன பேசினாலும் சொல்லியிருக்க மாட்டேன். இந்தக் கடிதத்தைக் கன்னிக்கால் நிற்கிற முற்றத்தில் வைத்து வாசிக்க வேண்டாம். வாசித்தவுடன் அடுப்பில் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மண்டூரில் இருந்து வந்தேன். என்னோடு படிப்பிக்கிற கண்ணகை ரீச்சரின் கணவர் முதல் நாள் நெஞ்சு வலியில் செத்துப்போனார். நாற்பத்தாறு வயது, என்னை விட மூன்று வயது இளமை. பாடை தூக்க ஆள் குறைந்தது, நானும் தோள் கொடுத்தேன். அதுதான் அந்த வெள்ளை வேட்டியும் சேட்டும். துரை இல்லை.

செத்த வீட்டால் வருகிறவன் நேரே போய்க் குளிக்க வேண்டும், வழியில் ஒரு வீட்டிலும் நிற்கக் கூடாது. எனக்குத் தெரியும். நின்றது என் பிழை. ஆனால் பாடையை இறக்கியதிலிருந்து உங்களைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. உங்களுக்கு ஐம்பத்தெட்டு வயது, அத்தானுக்கு அதற்கு மேல். பழுகாமம் சந்தி வந்ததும் மோட்டார் சைக்கிள் தானாகத் திரும்பினமாதிரி இருந்தது. கேற்றைத் தாண்டிப் போக மனம் கேட்கவில்லை. கால் நட்ட வீட்டுக்குள் அந்தத் துடக்கோடு எப்படி வருவது? அந்தப் பிள்ளையைத் தொட விடலாமா? செத்த வீட்டால் வருகிறேன் என்று வாயால்கூடச் சொல்ல முடியாத இடம். சும்மா வந்தேன் என்று அதனால்தான் சொன்னேன். நீங்கள் சர்பத்தை நீட்டிக்கொண்டு கிட்டக் கிட்ட வந்தீர்கள், நான் என்ன செய்வது?

அத்தான் சேட் போடுவதைக் கண்டதும் வேறு ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அந்தப் பாடத்தை எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது. பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், மாமா கட்டாயம் வருவார், பக்கத்தில் நிற்பார் என்று. என்ன காரணம் என்று மட்டும் கல்யாணத்துக்கு முதல் அவளிடம் சொல்ல வேண்டாம்.

உதயரூபன்


பழுகாமம்
03.09.2024

மடையா,

உன் கடிதத்தைக் கிணற்றடியில் இருந்து வாசித்தேன், அடுப்பில் போட்டேன், தலையில் தண்ணீர் ஊற்றினேன். போதுமா?

நம்முடைய வளவுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பது உனக்கு மறந்துபோயிற்றா? கால் நிற்பது முன் முற்றத்தில். கிணறு பின்னுக்கு. பின் ஒழுங்கையால் வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, ஒரு வாளி தண்ணி தாங்க" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு எல்லாம் விளங்கியிருக்கும். பெரியப்பா செத்த நேரம் அத்தனை பேருக்கும் கிணற்றடியில் வாளி வைத்தவள் நான். நாலு வாளி ஊற்றிவிட்டு அத்தானின் சாரத்தைக் கட்டிக்கொண்டு குசினிக்குள் வந்து சோறு தின்றிருப்பாய். முன் கேற்றில் வந்து நின்று, எங்கள் எல்லாரையும் அழ வைத்து, நீயும் பசியோடு போய், பாடம் வேறு எழுதியிருக்கிறாய். படித்தவனுக்கு இந்தளவு புத்தியும் இல்லையா?

தக்ஷாயினியிடம் மாமா வருவார் என்று சொன்னேன். இன்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். கண்ணகை ரீச்சரிடம் நான் விசாரித்ததாகச் சொல்லு.

உன்னைப் பற்றிய கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. பாடத்துக்கான கோபம் அப்படியே இருக்கிறது. இப்போது நேரமில்லை. அத்தான் வயல் வட்டைக்குள் தகரம் அடிக்கிறார், நான் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டாம் தேதி பத்து மணி. மறக்காதே.

சீதேவி


கல்குடா
05.09.2024

அக்கா,

என்ன தகரம்?

ஹலீமைப் பிடித்துக் கேட்டேன். மனிதர் முதலில் மழுப்பினார். பிறகு, "மாஸ்டர், கலியாணம் முடிஞ்சா அக்காவும் மச்சானும் வயலுக்குள்ளதான் இருக்கப்போறாங்க. கொட்டில் கட்டியாச்சு, கட்டிலும் கொண்டுபோயாச்சு" என்றார். நீங்கள் எனக்கு எழுதிய மூன்று கடிதத்திலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆணி எடுத்துக் கொடுப்பது மட்டும் தவறி வந்துவிட்டது.

அந்த வட்டைக்குள் போன மாதம் ஆனை வந்து காவல் பரணைத் தள்ளிவிட்டது என்று அத்தானே எனக்குச் சொன்னார். அங்கே போய் இந்த வயதில் இரண்டு பேரும் நாலு தகரத்துக்குள் படுக்கப்போகிறீர்களா? வீட்டைக் கொடுத்தால் தாய் தகப்பன் வெளியே போக வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களா, அல்லது நீங்களாகவே கட்டிலைத் தூக்கினீர்களா?

நான் நொத்தாரிசோடு கதைத்தேன். உறுதியில் ஒரு வரி சேர்க்கலாமாம். வீடு தக்ஷாயினிக்கு, ஆனால் நீங்கள் உயிரோடு இருக்குமட்டும் அந்த வீட்டில் இருக்கிற உரித்து உங்களுக்கு. சீவிய உரித்து என்பது அதன் பெயர். என் பாதியில் ஒரு கல்லும் எனக்கு வேண்டாம், முழுவதையும் பிள்ளைக்கே தருகிறேன். அந்த ஒரு வரி இருந்தால் ஒப்பம் வைப்பேன். இல்லாவிட்டால் வைக்க மாட்டேன். என்னைக் கதிரையில் இருத்தினாலும் வைக்க மாட்டேன், கிளாசில் தந்தாலும் வைக்க மாட்டேன்.

உதயரூபன்


பழுகாமம்
07.09.2024

தம்பி,

நீ எனக்கு நல்லது செய்கிறாய் என்று நினைக்கிறாய். நீ செய்வது என் பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுப்பது.

நானும் நொத்தாரிசைக் கேட்டேன். அந்த வரி இருந்தால் நான் சாகுமட்டும் வீட்டை விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, பிள்ளைக்குப் பெயர் மட்டும்தான். மாப்பிள்ளையின் தகப்பன் இதைக் கேட்டால் என்ன சொல்வார் தெரியுமா? பெற்ற பிள்ளையை நம்பாத தாய் என்பார். ஓட்டை உறுதி தந்து ஏமாற்றுகிறார்கள் என்பார். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கிறது. பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று, ஊர் முழுக்கக் கார்ட் கொடுத்தாயிற்று. இந்த நேரத்தில் உனக்குச் சட்டம் நினைவுக்கு வருகிறது.

யாரும் எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. நாங்களாகப் போகிறோம். புதுசாகக் கல்யாணம் முடித்த பிள்ளைகளுக்கு நடுவில் கிழடுகள் இருமிக்கொண்டு கிடக்கலாமா? ஊரில் எல்லாரும் செய்வதைத்தானே செய்கிறோம். அம்மா எனக்கு வீட்டைத் தந்துவிட்டுப் பின்னுக்கு இறக்கின பத்தியில் பதினெட்டு வருஷம் படுத்தா. செத்ததும் அந்தப் பத்தியில்தான். உறுதி கேட்டாவா? உரித்துக் கேட்டாவா? ஒரு நாள், ஒரு சொல் சொன்னாவா?

வருஷத்துக்கு இரண்டு தரம் பத்து நிமிஷம் வந்து போகிறவன் நீ. நான் எங்கே படுக்க வேண்டும் என்று நீ தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒப்பம் வைப்பதென்றால் வா. இல்லாவிட்டால் வர மாட்டேன் என்று எழுதி விடு, நான் மாப்பிள்ளை வீட்டுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சீதேவி


கல்குடா
08.09.2024

அக்கா,

அம்மா ஒரு சொல் சொன்னா. நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

எனக்குக் கல்யாணம் முடிந்து இரண்டாம் வருஷம். தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் வந்தேன். முன் அறையில் எனக்குக் கிளாசில் தேத்தண்ணீர் தந்துவிட்டு நீங்கள் குசினிக்குள் கறியைக் கிண்டிக்கொண்டு நின்றீர்கள். இருந்த இடத்தில் இருந்து பின் கதவு தெரிந்தது. அம்மா பத்தியில் இருந்து வந்தா. கையில் ஒரு சின்னச் சிரட்டை. வாசற்படிக்கு வெளியே நின்றா. உள்ளே வரவில்லை. "புள்ள, உள்ளுக்கு வரட்டா?" என்று கேட்டா. நீங்கள் திரும்பாமலே, "வாங்கம்மா, என்ன வேணும்?" என்றீர்கள். உப்பு வேணும் என்றா. எடுத்துக்கொண்டு போயிட்டா.

நீங்கள் கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னீர்கள். உங்களில் நான் பிழை சொல்ல வரவில்லை. அந்தக் குசினிக்கு மண் குழைத்தது அம்மா. அவ அதற்குள் வரலாமா என்று கேட்டா, நீங்கள் என்ன வேணும் என்று கேட்டீர்கள். கிளாசை வைத்துவிட்டு எழும்பிவிட்டேன். அன்றிலிருந்துதான் எனக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் அந்த வீட்டில் இருக்க முடியாமல் போனது.

ஐந்து வருஷம் கழித்து நீங்கள் வட்டைக்குள் இருந்து வெயிலில் நடந்து வந்து, தக்ஷாயினியின் குசினிப் படியில் நின்று, வரட்டா என்று கேட்கக் கூடாது. அவளும் உங்களைப்போல நல்ல பிள்ளை. அன்பாகத்தான் என்ன வேணும் என்று கேட்பாள்.

அந்த வரி இல்லாமல் ஒப்பம் வைக்க மாட்டேன். கல்யாணம் நின்றால் என் பெயரைச் சொல்லுங்கள்.

உதயரூபன்


பழுகாமம்
10.09.2024

தம்பி உதயரூபனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்ததும் உனக்கு அடிக்க வேண்டும்போல் இருந்தது. இருபது வருஷம் இதை வயிற்றுக்குள் வைத்திருந்தாயே, அம்மா உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் நான் அவவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்திருக்க மாட்டேனா? இப்போது சொல்லி நான் யாரைக் கூட்டி வர? இரண்டாம் தரம் வாசித்தபோது எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. நான் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு நாளும். அம்மா வரட்டா என்று கேட்காத நாள் ஒன்று எனக்கு நினைவில் இல்லை. நான் பெரிய பாவி, தம்பி. அதை நீ சொன்னதற்காக உன்னில் இன்னும் கோபமாக இருக்கிறேன்.

மூன்றாம் தரம் வாசித்துவிட்டு, நேற்றுக் காலை அத்தானிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்தாறுமூலைக்குப் போனேன், மாப்பிள்ளை வீட்டுக்கு. முன்கூட்டிச் சொல்லவில்லை. உன் பட்டியலில் முதலாவது சொல். என்னைக் கண்டதும் தகப்பன் உள்ளே போய்ச் சேட் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு உன் நினைவு வந்தது.

நான் சுற்றி வளைக்கவில்லை. வீடு பிள்ளைக்கு, நான் சாகுமட்டும் அதில் எனக்கு உரித்து, தம்பி அப்படி எழுதினால்தான் ஒப்பம் வைப்பான், நானும் அப்படித்தான் கேட்கிறேன் என்றேன். அவர் முகம் சுருங்கியது. இது என்ன புதுப் பழக்கம், எங்கள் மகளுக்கு வீடு எழுதும்போது நாங்கள் இப்படி ஒரு வரி போட்டோமா, நம்பிக்கை இல்லாத இடத்தில் எதற்குச் சம்பந்தம் என்று தொடங்கினார். நல்லாகப் பேசினார். நானும் விடவில்லை. சத்தம் பெரிதாகி, சரி, இத்தோடு நிறுத்துவோம் என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் சிவதர்ஷனின் தாய் தேத்தண்ணீர் கொண்டு வந்தா. அவவும் புருசனும் இருப்பது பின்னால் இறக்கின ஒரு தகர அறையில். வீடு மகளுடையது. மகளின் குசினியில் சீனி கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். தட்டத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் அப்படியே நின்றா. பிறகு புருசனைப் பார்த்துச் சொன்னா: "எனக்கு இப்பிடிக் கேக்க ஒரு தம்பி இல்லாமப் போயிற்று. இவவுக்கு இருக்கான். எழுதட்டும்."

அந்த மனிதர் தேத்தண்ணீரை எடுத்துக் குடித்து முடித்தார். கடைசியில், எழுதுங்கள், ஆனால் கல்யாணம் சொன்ன தேதியில் நடக்க வேண்டும் என்றார். அவரும் அந்தத் தகர அறையில்தானே படுக்கிறார். வெளிக்கிடும்போது அந்த அம்மா கேற்றடி வரைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

நொத்தாரிசு அந்த வரியைச் சேர்த்துவிட்டார். தக்ஷாயினிக்கும் சொன்னேன். அவளுக்குக் கோபம். நீங்கள் வட்டைக்குப் போகிறதாக எனக்கு ஏன் சொல்லவில்லை என்று என்னோடு கதைக்காமல் இருக்கிறாள். உன்னுடைய மருமகள்தானே. கட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தாயிற்று. அந்தக் கொட்டிலில் அத்தான் வைக்கோல் போடப்போகிறார்.

இனி நீ செய்ய வேண்டியதைக் கேள். நாளை மறுநாள் ஒப்பம். அதோடு போகிறதில்லை, கல்யாணம் முடிந்து நாலாம் சடங்குமட்டும் நிற்க வேண்டும். அதற்கு ஏற்ற உடுப்புக் கொண்டு வா. சுலோஜனாவையும் கூட்டி வா. அவளுக்குக் கிளாசில் கொடுக்கிறேன், உனக்கு அந்த நசுங்கின கோப்பைதான். சூடு கையைச் சுடும், சுடட்டும். அடுத்த பாடத்தில் என்னை எழுதினாயானால் கையை முறிப்பேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்று இருந்தது. ஒரு வீட்டை எட்டிப் பார்க்க அத்தனை சொல் வைத்திருக்கிறார்களே, தன் வீட்டுக்கு வருகிறவனுக்கு இங்கிலீசில் சொல் இல்லையா? நீ ஏன் அதைப் படிப்பிக்கவில்லை?

அத்தானிடம் சேட் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன் கேற்றை நான் பூட்டி வைப்பேன், கூப்பிட்டாலும் திறக்க மாட்டேன். பின்பக்கத்தால் வா.

அக்கா